21 தடவை வெட்டுப்புள்ளிக்குக் கீழே

கிரிக்கெட் பற்றி எழுதினால் வாசிக்க ஆள் இருக்கு. உதைபந்தாட்டம் பற்றி எழுதினால் பின்னூட்டத்தில சண்டை பிடிக்க ஆள் இருக்கு. கோல்ஃப் பற்றி எழுதினால்? எங்களில் அநேகமானவர்களுக்கு கோல்ஃப் எண்டால் நுவரெலியாவுக்குப் போகேக்க பஸ் கண்ணாடிக்கு வெளியால தெரியிற ஒரு பச்சை வெளி, அவ்வளவுதான். 1889 இல் வெள்ளைக்காரர் தங்களுக்கெண்டு தொடங்கின கழகத்தின் மைதானம் அது. மலையில கொழுந்து பறிச்ச சனத்துக்கு லயத்தில ஒரு காம்பரா. துரைமாருக்குப் பந்தடிக்க ஒரு முழுப் பள்ளத்தாக்கு. அந்தப் பச்சையைப் பார்க்கும்போது எங்களுக்கு வாற எரிச்சல் நியாயமான எரிச்சல்தான். அதை விட்டுவிடுங்கோ எண்டு கேட்க இந்தக் கட்டுரை வரவில்லை.

நாங்கள் கதைக்க வந்தது ஒரு மனிதரைப் பற்றி. ஜஸ்ரின் ரோஸ். இங்கிலாந்துக்காரர். தொழில்முறை கோல்ஃப் வீரர். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர், அமெரிக்க ஓப்பன் வென்றவர், ஒலிம்பிக் தங்கம் வென்றவர். இவ்வளவும் அவருடைய விக்கிப்பீடியாப் பக்கத்தின் முதல் பந்தியிலேயே இருக்கும். ஆனால் எங்களை அவரோட கட்டிப்போட்டது இந்த வெற்றிகள் இல்லை. 17 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் அவருக்கு நடந்த ஒரு விஷயம். எங்கட நாட்டில ஒரு பிள்ளையின் தலையெழுத்தை ஊர் எழுதி முடிக்கிற அதே வயசு.

முதலில், கோல்ஃப் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். பெரிய போட்டிகள் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள், நான்கு சுற்று. எவர் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கிறாரோ அவர் வென்றவர். ஆனால் போட்டியைத் தொடங்குகிற எல்லாரும் ஞாயிறு வரை ஆட ஏலாது. வெள்ளி பின்னேரம் ஒரு கோடு கீறுவார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் சனியும் ஞாயிறும் ஆடுவார்கள். கீழே இருப்பவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களுக்குப் பெரும்பாலும் பரிசுப்பணம் கிடையாது. விமான ரிக்கெற், ஹோட்டல், பை தூக்கி உதவுகிற கேடியின் சம்பளம் எல்லாம் கைக்காசு. ஆங்கிலத்தில இதுக்கு 'கட்' எண்டு பெயர். தமிழில இதுக்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. எங்களிட்ட ஏற்கனவே இருக்கு: வெட்டுப்புள்ளி. ஏ.எல் எழுதின எவருக்கும் அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி ரோஸ். 1980 ஜூலை 30 இல் தென்னாபிரிக்காவின் ஜோஹன்னஸ்பேர்க்கில் பிறந்தவர். தாய் தகப்பன் இங்கிலாந்துக்காரர். ஐந்து வயதில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி ஹம்ப்ஷயரில் குடியேறியது. தகப்பன் கென் ரோஸ்தான் மகனுக்குப் பயிற்றுவிப்பாளர். 1997 இல், 17 வயதில், பிரித்தானியாவும் அயர்லாந்தும் சேர்ந்த அணியில் அமெரிக்காவுக்கு எதிரான வோக்கர் கிண்ணத்தில் ஆடினார். தொழில்முறை அல்லாத வீரர்களுக்கான மிகப்பெரிய அணிப்போட்டி அது.

அடுத்த வருஷம், 1998 ஜூலை. ரோயல் பேர்க்டேல் மைதானத்தில் ஓப்பன் சாம்பியன்ஷிப். கோல்ஃபில் 'மேஜர்' எண்டு சொல்லப்படுகிற நான்கு பெரிய போட்டிகளில் மிகப் பழையது. ரோஸுக்கு அப்போது 18 கூட முடியவில்லை. முதல் நாள் 72. இரண்டாம் நாள் 66. முழு மைதானமும் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் நாள் காற்று பிடுங்கி எறிந்தது, 75. கடைசி நாள் 69. அந்த 69 இன் கடைசி அடிதான் கதை. 18 ஆவது குழி. பந்து புல்லுக்குள். குழிக்கு இன்னும் 40 யாருக்கு மேலே தூரம். அங்கிருந்து உயர்த்தி அடித்த பந்து தரையில் குதித்து உருண்டு நேரே குழிக்குள் போய் விழுந்தது. பெடியன் இரண்டு கையையும் விரிச்சு வானத்தைப் பார்த்தான். அந்தப் படம் இங்கிலாந்துப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது.

நான்காம் இடத்தைச் சிலரோடு பகிர்ந்தார். வென்ற மார்க் ஓமேராவுக்கும் அவருக்கும் இடையில் இரண்டே இரண்டு அடி. மூன்றாவதாக வந்த ரைகர் வூட்ஸுக்கும் அவருக்கும் இடையில் ஒரே ஒரு அடி. தொழில்முறை அல்லாதவர் என்பதால் பரிசுப்பணம் ஒரு சதமும் இல்லை. சிறந்த அமெச்சூர் வீரருக்கான வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த நாளே தொழில்முறை வீரராக மாறுவதாக அறிவித்தார்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் 21.

தொழில்முறை வீரராக ஆடிய முதல் 21 போட்டிகளிலும் ஜஸ்ரின் ரோஸ் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. ஒன்றிரண்டு இல்லை, இருபத்தொன்று. ஒவ்வொரு கிழமையும் ஒரு புது ஊர், வியாழன், வெள்ளி, பிறகு பெட்டி கட்டுறது. அடுத்த கிழமை திரும்ப. ஒவ்வொரு ஊரிலும் அவரைப் பார்க்க ஆக்கள் வந்தார்கள், ஏனெண்டால் அவர் 'பேர்க்டேல் பெடியன்'. ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் செய்தியாளர்கள் எண்ணிக்கையை ஒன்றால் கூட்டினார்கள். யாரென்று தெரியாத ஒருவர் 21 தடவை தவறினால் அது அவருக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். இவர் எல்லாருக்கும் முன்னால் தவறினார்.

இந்த இடத்தில எங்களோட படிச்ச ஒருத்தனின் கதையைச் சொல்ல வேணும். பெயர் வேண்டாம். ஏ.எல் இல் கணிதப் பிரிவில் மாவட்டத்தில் மிக முன்னுக்கு வந்தவன். பெறுபேறு வந்த கிழமை பேப்பரில படம். ரியூட்டரி வாசலில ஆள் உயரத்துக்கு பனர். கோயிலில மாலை, சனசமூக நிலையத்தில பொன்னாடை. பொறியியல் பீடம் போனான். முதல் வருஷம் இரண்டு பாடம் பிழைத்தது. பிழைக்கிறது அங்க பெரிய விஷயமே இல்லை. பாதி வகுப்புக்குப் பிழைக்கும், திரும்ப எழுதுவார்கள். ஆனால் அவன் ஊருக்கு வாறதை நிறுத்திவிட்டான். திருவிழாவுக்கு வரவில்லை. சொந்த அக்காவின் கலியாண வீட்டுக்கு இரவு வந்து விடிய முதல் போயிட்டான். கனகாலத்துக்குப் பிறகு ஒருநாள் எங்களிட்டச் சொன்னது இது: "பேப்பரில அந்தப் படம் வராமல் இருந்திருந்தா, ரெண்டு பாடம் பிழைச்சது ரெண்டு பாடமாத்தான் இருந்திருக்கும்."

ரோஸின் 21 ஐ வாசிக்கேக்க எங்களுக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வரும். தோல்வியைவிடப் பாரமானது தோல்விக்கு முதல் ஊர் தூக்கிப் பிடிச்ச படம். பேர்க்டேலில் வானத்தைப் பார்த்த அந்தப் பெடியனின் படம் இல்லாவிட்டால், 18 வயதில் ஒருவர் தொழில்முறைப் போட்டிகளில் தடுமாறுவது சாதாரண விஷயம். அந்த வயதில் அங்கே தடுமாறாமல் இருப்பதுதான் அபூர்வம்.

சரி, பிறகு என்ன நடந்தது? இங்கதான் எங்கட மேடைப் பேச்சாளர்கள் கதையைக் கெடுப்பார்கள். "விடாமுயற்சி, பிள்ளைகளே! 21 தடவை விழுந்தவன் 22 ஆவது தடவை எழும்பினான்!" அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 22 ஆவது போட்டியில் அவர் வெல்லவில்லை. ஐரோப்பிய ரூரில் ஆடுவதற்கான அனுமதி அட்டையைத் தகுதிகாண் போட்டியில் ஆடிப் பெற்றார், இழந்தார், திரும்பவும் போய்ப் பெற்றார். அந்தத் தகுதிகாண் போட்டி பெரிய மேடையே இல்லை. ஆறு சுற்றுகள், கை நடுங்குகிற நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள், சில இடங்கள். 2001 தொடக்கத்தில் தென்னாபிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் இரண்டாம் இடம். முதல் வெற்றி 2002 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் பிறந்த ஊரான ஜோஹன்னஸ்பேர்க்கில். பேர்க்டேலில் இருந்து கணக்கெடுத்தால் மூன்றரை வருஷம்.

2002 அவருக்கு அள்ளிக் கொடுத்த வருஷம். தென்னாபிரிக்காவில் இரண்டு, யப்பானில் ஒன்று, இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மாஸ்ரர்ஸ், ஆக மொத்தம் நான்கு வெற்றிகள். அதே வருஷம் செப்டெம்பரில் தகப்பன் கென் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். மகனுக்கு 22 வயது. ஒரு மட்டையைப் பிடிக்கப் பழக்கினவர், 21 தடவையும் மகன் பெட்டி கட்டினதைக் கண்டவர், மகன் வெல்லத் தொடங்கின வருஷத்திலேயே போயிட்டார். நான்கு வெற்றிகளையாவது கண்டார் என்பது ஆறுதலா, அவ்வளவுதான் காணக் கிடைத்தது என்பது துயரமா, எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

அதுக்குப் பிறகும் பாதை நேர்க்கோடாக இருக்கவில்லை. 2004 மாஸ்ரர்ஸ் போட்டியில், அமெரிக்காவின் ஒகஸ்ராவில், முதல் இரண்டு நாளும் முன்னிலையில் இருந்தார். மூன்றாம் நாள் 81 அடித்தார். கோல்ஃபில் 81 எண்டால், முன்னிலையில் இருந்தவர் ஒரே நாளில் பட்டியலில் காணாமல் போவது. நான்காம் நாள் திரும்ப வந்து 71 அடித்தார் என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எங்களுக்கு அந்த 71 தான் பெரிதாகத் தெரியுது. முதல் நாள் ஊர் முழுக்கப் பார்க்க வழுக்கி விழுந்த அதே ஒழுங்கையால, அடுத்த நாள் காலமை திரும்ப நடந்து போற மாதிரி அது.

2007 இல் ஐரோப்பிய ரூரின் வருடத் தரவரிசையில் முதலிடம். 2010 இல் அமெரிக்க ரூரில் முதல் வெற்றி. 2012 இல் ரைடர் கிண்ணம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் மோதுற அணிப்போட்டி அது. சிக்காகோவுக்குப் பக்கத்தில் மெடினா மைதானம். கடைசி நாள் தொடங்கேக்க ஐரோப்பா 10 க்கு 6 எண்டு பின்னுக்கு நிற்குது. ரோஸின் எதிராளி பில் மிக்கெல்சன். இரண்டு குழிகள் மிச்சம் இருக்கேக்க ரோஸ் ஒன்றால் பின்னுக்கு. 17 ஆவது குழியில், கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளத் தூரத்தில் இருந்து தட்டின பந்து வளைந்து வளைந்து போய்க் குழிக்குள் விழுந்தது. தோற்கப் போகிற மிக்கெல்சனே கைதட்டினார். 18 ஆவதையும் ரோஸ் வென்றார். அன்றைக்கு ஐரோப்பா 14½ க்கு 13½ எண்டு கிண்ணத்தைப் பிடித்தது. யூரியூப்பில் இருக்கு, கோல்ஃப் பிடிக்காதவர்களும் ஒருக்கால் பாருங்கோ.

2013 ஜூன் 16. பென்சில்வேனியாவில் மெரியன் மைதானம், அமெரிக்க ஓப்பனின் கடைசி நாள். மெரியனில் குழிகளில் கொடி பறக்காது. கம்பின் நுனியில் பிரம்புக் கூடை கவிழ்ந்திருக்கும். அந்தப் பழைய மைதானம் அந்த வாரம் உலகின் மிகச் சிறந்த வீரர்கள் எல்லாரையும் படுத்தியது. நான்கு நாள் முடிவில் ஒருவர்கூட இலக்கு அடி எண்ணிக்கைக்குக் கீழே இல்லை. ரோஸ் 71, 69, 71, 70. மொத்தம் 281, இலக்கைவிட ஒன்று கூட. அது போதுமாக இருந்தது. மிக்கெல்சனும் ஜேசன் டேயும் இரண்டு அடி பின்னுக்கு. 1970 இல் ரோனி ஜக்லின் வென்றதுக்குப் பிறகு, 43 வருஷம் கழித்து, அமெரிக்க ஓப்பனை வென்ற முதல் இங்கிலாந்துக்காரர். 1996 மாஸ்ரர்ஸில் நிக் ஃபால்டோ வென்றதுக்குப் பிறகு மேஜர் ஒன்றை வென்ற முதல் இங்கிலாந்துக்காரர்.

கடைசிக் குழியை முடித்துவிட்டு அவர் வானத்தைப் பார்த்து விரலை நீட்டினார். அமெரிக்காவில் ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். இதை ஒரு எழுத்தாளர் கதையில் எழுதினால், கொஞ்சம் கூடிப்போச்சு எண்டு நாங்களே விமர்சனத்தில் எழுதியிருப்போம். உண்மையில் நடந்தது. 17 வயதில் மகிழ்ச்சியில் வானத்தைப் பார்த்த அதே முகம், 32 வயதில் வேறொரு காரணத்துக்காக வானத்தைப் பார்த்தது.

2016 ரியோ ஒலிம்பிக். 1904 க்குப் பிறகு, 112 வருஷம் கழித்து கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்ப வந்தது. ஸிகா வைரஸ் பயத்தாலும் வேறு காரணங்களாலும் பல முன்னணி வீரர்கள் போகவில்லை. ரோஸ் போனார். முதல் நாள் நான்காவது குழியில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் விழுத்தினார். ஒலிம்பிக் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கடைசி நாள், கடைசிக் குழி. சுவீடனின் ஹென்றிக் ஸ்ரென்சனும் இவரும் சமம். ரோஸின் பந்து குழிக்கு 40 யார் அளவில் கிடக்குது. பேர்க்டேலில் இருந்த தூரத்துக்குக் கிட்டத்தட்ட அதே தூரம். இந்தத் தடவை பந்து குழிக்குள் விழவில்லை, இரண்டு மூன்று அடி பக்கத்தில் போய் நின்றது. 36 வயதில் தேவைப்பட்டது அவ்வளவுதான். தங்கம்.

2018 செப்டெம்பரில் உலகத் தரவரிசையில் முதலிடம். அது எப்படி வந்தது தெரியுமோ? ஒரு போட்டியில் தோற்ற நாளில். கீகன் பிராட்லியிடம் பிளே ஓஃபில் தோற்று இரண்டாம் இடம் வந்த அந்தப் புள்ளிகள்தான் அவரை முதலிடத்துக்குத் தூக்கியது. ஃபால்டோ, லீ வெஸ்ட்வூட், லூக் டொனால்ட் ஆகியோருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த நான்காவது இங்கிலாந்துக்காரர்.

இவ்வளவும் வாசித்த உங்களுக்கு ஒரு கேள்வி வரவேணும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலே ஆடின ஒருவருக்கு மேஜர் ஒன்றுதானா? ஃபால்டோவுக்கு ஆறு இருக்கே? ஓம், ஒன்றுதான். மற்றவை எல்லாம் கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதை. 2017 மாஸ்ரர்ஸில் ஸ்பெயினின் செர்ஜியோ கார்சியாவிடம் பிளே ஓஃபில் தோல்வி. 2018 ஓப்பனில் இரண்டாம் இடம். 2024 ஓப்பனில் இரண்டாம் இடம். இந்த 2024 கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. 43 வயது, முன்னாள் முதலாம் இலக்கம், ஆனால் நேரடி இடம் கிடைக்கவில்லை. ஒரே நாளில் 36 குழிகள் ஆடுகிற இறுதித் தகுதிகாண் போட்டிக்கு, பெயர் தெரியாத இளம் வீரர்களுக்கு நடுவில் போய் நின்றார். அங்கே இடம்பிடித்து, ரோயல் ட்ரூனுக்குப் போய், இரண்டு அடியால் கிண்ணத்தைத் தவறவிட்டார். பெரிய பெயர் எடுத்த பிறகு திரும்ப வரிசையில் நிற்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு எங்கட ஒஃபிஸ்களிலும் சங்கங்களிலும் கதிரையை விடாத பெரியாக்களைக் கேட்டால் தெரியும்.

பிறகு 2025 மாஸ்ரர்ஸ். அமெரிக்காவில் ஏப்ரல் 13 பின்னேரம். எங்களுக்கு ஏப்ரல் 14 விடியப்புறம், சித்திரைப் புத்தாண்டு. வீட்டில அம்மா மருத்துநீர் எடுத்து வைச்சுக்கொண்டு "வந்து தலையில வையுங்கோடா" எண்டு கூப்பிடுறா. நாங்கள் ஃபோனுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு இருக்கிறம். முதல் நாள் 65 அடித்து முன்னுக்கு நின்றவர், மூன்றாம் நாள் 75 அடித்துப் பின்னுக்குப் போனவர், கடைசி நாள் பத்து குழிகளில் இலக்கைவிட ஒரு அடி குறைத்து முடித்து 66 எண்டு வந்து நிற்கிறார். 44 வயதில். ரோரி மக்கில்ரோயோட சமம். பிளே ஓஃப் ஒரே குழியில் முடிந்தது. மக்கில்ரோய் வென்றார். அவர் முழந்தாளில் விழுந்து அழுதார். நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது மனிதர். உலகம் முழுக்க அவருக்காக அழுதது. ரோஸ் காத்து நின்று அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

மாஸ்ரர்ஸில் இரண்டு தடவை பிளே ஓஃபில் தோற்றவர்கள் இரண்டே பேர்: பென் ஹோகனும் ஜஸ்ரின் ரோஸும். இரண்டு தடவையும் எதிரில் நின்றவரின் வெற்றிக்காகவே உலகம் காத்திருந்தது. கார்சியாவுக்கு அது முதல் மேஜர். மக்கில்ரோய்க்குப் பதினொரு வருஷக் காத்திருப்பு. ஒவ்வொருவரும் தன் கதையில் நாயகன்தான். ஆனால் அந்த இரண்டு பின்னேரமும் ரோஸ் மற்றவரின் கதையில் வாற தடைக்கல்லாக நிற்க வேண்டியிருந்தது. மற்றவரின் சந்தோசத்தைக் கெடுக்காமல் அந்தப் பாத்திரத்தைச் செய்துமுடிக்கிறதுக்கு ஒரு பெருந்தன்மை வேணும். நான்கு மாதம் கழித்து, 45 வயதில், மெம்ஃபிஸில் ஒரு பிளே ஓஃபை அவர் வென்றார். அந்த வெற்றிக்கு உலகம் அழவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

இப்ப திரும்ப அந்த 21 க்கு வருவம். இந்தக் கதையை எங்கட பிள்ளைகளுக்கு 'விடாமுயற்சி' எண்ட தலைப்பில சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஏனெண்டால் அதில ஒரு முக்கியமான கேள்வி மறைஞ்சு போகுது: யாருக்கு 21 தடவை கிடைக்கும்?

ரோஸுக்குக் கிடைத்தது. பேர்க்டேல் பெயரால் போட்டி அனுசரணையாளர்கள் அவருக்கு அழைப்பு அனுப்பினார்கள். பயிற்சிக்குத் தகப்பன் இருந்தார். கோல்ஃப் கழகம் இருந்தது. விழும்போது கீழே ஒரு வலை இருந்தது. இதைச் சொல்வது அவருடைய திறமையைக் குறைக்க இல்லை. 21 தடவை எல்லாருக்கும் முன்னால் தோற்றுவிட்டு 22 ஆவது தடவையும் அந்த மைதானத்தில் போய் நிற்கிற மனத்தைரியத்தை எந்த அனுசரணையாளரும் வாங்கிக் கொடுக்க ஏலாது. ஆனால் தைரியம் மட்டும் இருந்து 22 ஆவது போட்டிக்கு இடமே இல்லாமல் போனவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

எங்கட நாட்டில பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் ஏ.எல் எழுதலாம். அவருக்கு 21, எங்களுக்கு 3. அதிலும் முதல் தடவைக்குப் பிறகே வீட்டில கதை மாறத் தொடங்கிவிடும். எங்கட ஒழுங்கையில ஒரு தங்கச்சி மூன்றாம் தடவைக்குப் படிச்சுக்கொண்டு இருக்கிறா. கடைக்குப் போனால் "என்ன பிள்ளை, இன்னும் படிக்கிறியோ?" எண்டு கேட்பினம். கேட்கிறவர்கள் கெட்ட சனம் இல்லை, அன்பாகத்தான் கேட்கினம். ஆனால் வெள்ளி பின்னேரம் எண்ணிக்கையை ஒன்றால் கூட்டின செய்தியாளரும் அதைத்தான் செய்தார். இப்ப அவ கடைக்குப் போறதில்லை, தம்பியை அனுப்புறா.

2020 இல் கொரோனாவால் பெண்களின் கோல்ஃப் போட்டிகள் நின்றுபோயிருந்தபோது, ரோஸும் மனைவி கேற்றும் இங்கிலாந்தில் பெண்களுக்கெண்டு ஒரு போட்டித்தொடரை நடத்த முன்னுக்கு வந்தார்கள். ஆண்களின் ரூர் அதுக்கு முதலே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு ஆட இடமில்லாமல் இருந்தது. இதை நாங்கள் பெரிய தியாகம் எண்டு சொல்ல வரவில்லை, அவரிட்ட காசு இருக்கு. ஆனால் ஆட ஒரு இடம் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு, அந்த 21 கிழமைகளில் ஒவ்வொரு வியாழனும் அழைப்புக் கிடைத்த ஒருவருக்கு விளங்கியிருக்கும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

அடுத்த பெறுபேறு வாற கிழமை எங்கட முகநூல் முழுக்க படங்களாக இருக்கும். முன்னுக்கு வந்த பிள்ளைகளின் படங்கள். போடுங்கோ, சந்தோசம்தான். ஆனால் அந்தப் படத்தில இருக்கிற பிள்ளைக்கும் நாளைக்கு இரண்டு பாடம் பிழைக்கலாம். அது இரண்டு பாடமாகவே இருக்கட்டும். படத்தில வராத பிள்ளைக்கு 'ஜஸ்ரின் ரோஸைப் பார்' எண்டு தயவுசெய்து சொல்லவேண்டாம். விழுந்து கிடக்கிறவருக்கு இன்னொருத்தரின் வெற்றிக்கதை இன்னொரு பாரம். இந்தக் கதை விழுந்தவர்களுக்கு இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு. இன்னொரு வியாழக்கிழமையைக் கொடுக்கிறதும் கொடுக்காமல் விடுறதும் எங்கட கையில்தான் இருக்கு.